யூரெயில் பாஸ்: பதினைந்து இரவுகளை நான்கு ஊர்களுக்குப் பங்கிட்ட கதை

கடந்த செப்டம்பர் மாதம் நானும் என் கணவரும் அறுபத்தாறு வயதான என் அத்தையும் (கணவரின் தாயார்) ஐரோப்பாவில் பதினைந்து இரவுகள் தங்கி, ஊருக்கு ஊர் ரயிலிலேயே சென்று திரும்பினோம். அதற்காக நாங்கள் வாங்கியது, பல நாடுகளின் ரயில்களிலும் ஒரே சீட்டாகச் செல்லும் யூரெயில் குளோபல் பாஸ், அதிலும் ஒரு மாத காலத்துக்குள் ஐந்து பயண நாள்களைத் தரும் வகை. பாஸ் நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல இயலாது; உங்களிடம் உள்ள நாள்களை எந்த ஊர்களுக்கு எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே பாஸ் சிலருக்குப் பெரும் வசதியாகவும் சிலருக்கு வீண் செலவாகவும் அமையும். ஆகவே இந்த மதிப்புரையில் பாஸைப் பற்றி எழுதும் அளவுக்கு நாள்களைப் பங்கிட்ட முறையைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யூரெயில் பாஸ், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. ஐரோப்பாவில் வசிப்பவர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில் பாஸ். எனவே லண்டனிலோ பெர்லினிலோ குடியிருக்கும் உங்கள் பிள்ளைகள் உங்களோடு சேர்ந்து யூரெயில் பாஸ் வாங்க முடியாது. குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 10 சதவீதமும் 27 வயது வரையிலான இளைஞர்களுக்கு 25 சதவீதமும் தள்ளுபடி உண்டு. 4 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவருடன் செல்லும்போது கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் பாஸ் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் வாங்கியபோது இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு 300 யூரோவைச் சற்றுத் தாண்டியது. ஆண்டில் சில முறை தள்ளுபடி விற்பனை நடக்கிறது; வாங்கிய நாளிலிருந்து 11 மாதங்களுக்குள் பயன்படுத்தத் தொடங்கினால் போதும் என்பதால், தேதி உறுதியாகும் முன்பே தள்ளுபடியில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பயணத்துக்குச் சென்னையில் ஒரு பயண முகவர் முதலில் போட்டுக் கொடுத்த திட்டம் இதுதான்: ஆம்ஸ்டர்டாம் 2 இரவு, பாரிஸ் 3, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் 2, வெனிஸ் 1, ஃபிளாரன்ஸ் 1, ரோம் 2, வியன்னா 2, பிராக் 2. பதினைந்து இரவில் எட்டு ஊர்கள். தாளில் பார்க்கும்போது மனம் நிறைந்துதான் போயிற்று. ஆனால் அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊர் மாறும் நாளையும் மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் ரயில். இறங்கிய ஊரில் விடுதியைத் தேடிச் செல்ல வேண்டும். அங்கே பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் இப்படிப் போகிறது. எட்டு ஊர் என்றால் ஏழு இடமாற்றம், அதாவது நாற்பத்திரண்டு மணி நேரம். ஒரு நாளில் ஊர் சுற்றிப் பார்க்கக் கிடைப்பது பத்து மணி நேரம் என்று வைத்தால், நான்கு முழு நாள்களைப் பெட்டி கட்டுவதற்கும் பெட்டியைத் தூக்குவதற்குமே கொடுத்துவிடுகிறோம். வெனிஸுக்கு ஓர் இரவு என்றால், மாலையில் போய் இறங்கி மறுநாள் காலையில் கிளம்புவதுதான். அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கணக்குக்குப் பிறகு நாங்கள் நாள்களைக் கணக்கிடுவதை விட்டு இரவுகளைக் கணக்கிடத் தொடங்கினோம். 'மூன்று நாள்' என்று எழுதினால் வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. 'மூன்று இரவு' என்று எழுதினால், நடுவே இரண்டு முழுப் பகல்கள் கையில் நிற்கும் என்பது தெளிவாகத் தெரிகிறது. பெரிய நகரம் எதற்கும் மூன்று இரவுகளுக்குக் குறையக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆம்ஸ்டர்டாம், ஃபிளாரன்ஸ், ரோம், பிராக் ஆகிய நான்கும் பட்டியலிலிருந்து போயின. ரோமை விடுவது என் கணவருக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வத்திக்கானையும் சேர்த்து அதற்கு நான்கு இரவுகளாவது வேண்டும், அந்த நான்கையும் பிடுங்க வேறு எந்த ஊரிலும் இடமில்லை என்பதை அவரே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார். மீதி நின்றவை பாரிஸ் 5, லூசெர்ன் 3, வெனிஸ் 3, வியன்னா 3, இடையில் ரயிலிலேயே ஓர் இரவு.

விமானத்தில் பாரிஸில் இறங்கி வியன்னாவிலிருந்து ஏறுமாறு சீட்டு எடுத்ததும் இதே கணக்கின் பகுதிதான். இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவதாக இருந்தால் கடைசியில் ஒரு முழு நாள் திரும்பும் ரயிலில் கழியும். விமானச் சீட்டில் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த ஒரு நாள் அதைவிட மதிப்பு மிக்கது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இரவுகளைப் பங்கிடும்போதே விசாவையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சம அளவு என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். இதில் ஊர்க் கணக்கு செல்லாது, நாட்டுக் கணக்குதான் செல்லும். முகவரின் திட்டத்தில் ஒற்றை ஊராகப் பாரிஸுக்குத்தான் அதிக இரவு. ஆனால் வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் மூன்றையும் கூட்டினால் இத்தாலிக்கு நான்கு இரவுகள் வருகின்றன. அந்தத் திட்டத்தோடு பிரான்சிடம் விண்ணப்பித்திருந்தால் சிக்கல்தான். எங்கள் புதிய பங்கீட்டில் பிரான்ஸ் ஐந்து என்று ஐயத்துக்கு இடமின்றி முதலில் நின்றது. விசாவுக்குக் கொடுத்த விடுதிப் பதிவுகளும் உண்மையில் தங்கிய இரவுகளும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டோம். லண்டனையும் சேர்க்க நினைப்பவர்கள், அது ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் தனி விசாவும், அங்கு செல்லும் அதிவேக ரயிலான யூரோஸ்டாரில் ஏறும் முன் எல்லைச் சோதனைக்கான நேரமும் வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி பாஸின் நடைமுறை. பாஸ் இப்போது 'ரயில் பிளானர்' என்ற செயலிக்குள் இருக்கிறது. மூவரின் பாஸ்களையும் ஒரே கைப்பேசியில் ஏற்றிக்கொண்டோம். செல்ல வேண்டிய ரயிலைத் தேடி எடுத்துப் பயணத்தில் சேர்த்து, அதைப் பாஸுடன் இணைத்தால் அன்றைய நாள் ஒரு பயண நாளாகக் கணக்காகிறது. டிக்கெட் பரிசோதகர் வரும்போது க்யூஆர் கோடைக் காட்ட வேண்டும். சிலர் கடவுச்சீட்டையும் கேட்டார்கள். மூன்று நாள்களுக்கு ஒரு முறையாவது செயலி இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்பது விதி. தவறுதலாக ஒரு நாளைச் செயல்படுத்திவிட்டால் அந்த நாள் பிறக்கும் முன்பே நீக்கிவிட வேண்டும். ரயில் நேரங்களைப் பார்க்க இந்தச் செயலியைவிட ஜெர்மன் ரயில்வேயின் 'டிபி நேவிகேட்டர்' எனக்கு நம்பகமாக இருந்தது; நடைமேடை மாற்றம், தாமதம் எல்லாம் அதில் உடனுக்குடன் தெரிந்தன.

பயண நாள் என்பது நள்ளிரவு 12 மணி முதல் மறுநாள் நள்ளிரவு வரை. அந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை ரயில் ஏறினாலும் ஒரு நாள்தான். இரவு ரயிலுக்கு ஒரு சலுகை உண்டு: நள்ளிரவுக்கு முன் புறப்படும் ரயிலில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வேறு ரயிலுக்கு மாறாமல் சென்றால், புறப்பட்ட நாள் மட்டுமே கணக்காகும். எங்கள் பயணத்தில் இந்த விதியிலிருந்துதான் அதிகப் பயன் பெற்றோம். வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ஒன்பது மணி அளவில் புறப்படும் நைட்ஜெட் ரயிலில் படுக்கை பதிவு செய்திருந்தோம். அன்று பகல் முழுவதும் பாஸ் எப்படியும் செல்லும் என்பதால், பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டுக் காலையிலேயே வெரோனாவுக்குக் கிளம்பினோம். வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரம், முன்பதிவு தேவையில்லை. ரோமானியர் காலத்து அரேனாவின் கல் படிகளில் அமர்ந்து, அடிஜே ஆற்றங்கரையில் நடந்து, நான்கு மணிக்கு வெனிஸ் திரும்பி, சாவகாசமாக இரவு உணவை முடித்துக்கொண்டு ரயில் ஏறினோம். கூடுதலாக ஒரு யூரோவும் இல்லை, ஒரு பயண நாளும் இல்லை. ஓர் ஊர் முழுதாகக் கிடைத்தது. காலை எட்டு மணிக்கு வியன்னாவில் இறங்கினோம்.

ஆனால் இரவு ரயில் ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சம் பிடிக்கும் என்று மட்டும் எண்ணி அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படுக்கைக்குப் பாஸுக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு, அது சிறிய தொகையும் அல்ல. அத்தைக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. வியன்னாவின் முதல் நாளில் பாதியை ஓய்வுக்குக் கொடுத்தோம். வயதானவர்களுடன் செல்பவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு இரவு ரயில்களைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முன்பதிவுக் கட்டணம்தான் இந்தப் பாஸின் மிகப் பெரிய குறை. பாஸ் கையில் இருந்தாலும் பிரான்சின் அதிவேக ரயில்களுக்கும் யூரோஸ்டாருக்கும் இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சாரோசாவுக்கும் இருக்கையைத் தனியே பணம் கட்டிப் பதிவு செய்தே ஆக வேண்டும். இத்தாலியில் ஒருவருக்குப் பத்து யூரோவுக்கு மேல், யூரோஸ்டாரில் முப்பது யூரோ அளவில் என்று மூன்று பேருக்குச் சேரும்போது கணிசமான தொகையாகிறது. பிரான்சிலிருந்து எல்லை தாண்டும் ரயில்கள் சிலவற்றில் பாஸ் வைத்திருப்போருக்கான இருக்கைகளும் அளவோடுதான் உள்ளன. பாரிஸிலிருந்து கிளம்பும் ரயிலை நாங்கள் இரண்டரை மாதம் முன்னதாகவே பதிவு செய்தோம். நினைத்த நேரத்தில் ஏறலாம் என்ற சுதந்திரத்துக்காகப் பாஸ் வாங்கியவருக்கு இந்த இரு நாடுகளும் அந்தச் சுதந்திரத்தைத் தருவதில்லை. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. பாஸ் தன் முழுப் பயனையும் காட்டுவது அங்கேதான்.

அதை லூசெர்னில் உணர்ந்தோம். ஒரு நாள் பிரூனிக் கணவாய் வழியாக இன்டர்லாக்கனுக்குச் செல்லும் ரயிலில் ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். சரிவு மிகுந்த இடங்களில் ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு நிதானமாக ஏறுகிறது, இறங்குகிறது. பிரியென்ஸ் நிலையத்தில் ஏரி நடைமேடையை ஒட்டியே, கண்ணாடி போலப் பச்சை நீலத்தில் நின்றது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாங்களும் இறங்கினோம். ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறினோம். தனித் தனி டிக்கெட் எடுத்திருந்தால், இறங்கலாமா கூடாதா என்று யோசித்து முடிப்பதற்குள் ரயில் புறப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: யுங்ஃப்ராயோக் போன்ற உயர் மலை ரயில்களுக்குப் பாஸ் முழுமையாகச் செல்லாது, தள்ளுபடி மட்டுமே. சுவிட்சர்லாந்திலேயே நான்கைந்து நாள் தங்கப் போகிறவர்கள், நகரப் பேருந்தும் ஏரிப் படகும் அருங்காட்சியகங்களும் அடங்கிய சுவிஸ் டிராவல் பாஸை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

லூசெர்னிலிருந்து வெனிஸுக்குச் சென்ற நாளிலும் அந்தச் சுதந்திரம் உதவியது. மிலான் செல்லும் விரைவு ரயில்கள், 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தில் நுழைந்து இருபது நிமிடம் இருளிலேயே செல்கின்றன. நாங்கள் அதை விடுத்து, பழைய மலைப்பாதையில் பெல்லின்சோனா வழியாகச் செல்லும் 'ட்ரெனோ கொட்டார்டோ' ரயிலில் ஏறினோம். இதற்கும் முன்பதிவு வேண்டாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும். வாஸன் என்ற சிற்றூரில் குன்றின் மேல் வெள்ளை நிறத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. சுழல் சுரங்கங்களில் சுற்றிச் சுற்றி ரயில் உயரம் ஏறுவதால், அந்தத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலும், பிறகு கண்ணுக்கு நேராகவும், கடைசியில் காலுக்குக் கீழேயும் தெரிகிறது. இரண்டாம் முறை தெரிந்தபோது அத்தை, "ஏம்மா, இந்த மாதா கோயிலை இப்பத்தானே பார்த்தோம், ரயில் திரும்பிப் போகுதா?" என்று கவலையோடு கேட்டார். மூன்றாம் முறை அவரே ஜன்னலோரம் நகர்ந்து காத்திருந்து பார்த்தார். பெல்லின்சோனாவிலும் மிலானிலும் மாறி, மாலை வெயில் சாயும் நேரத்தில் வெனிஸ் சென்றோம். இடமாற்றத்துக்கு ஒரு பகல் போகத்தான் போகிறது என்றால், அந்தப் பகலை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கழிக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்.

வெனிஸின் சான்டா லூசியா நிலையத்தின் படிகளில் இறங்கியதும் எதிரே கிராண்ட் கால்வாய். அங்கிருந்து விடுதிக்குப் பெட்டிகளை இழுத்துச் செல்வது எளிதன்று. பாலங்கள் எல்லாம் படிக்கட்டுகள். முழங்கால் வலி உள்ளவர்கள் நிலையத்துக்கு அருகிலேயே அறை எடுப்பது நல்லது. பாரிஸிலும் அப்படித்தான், எந்தத் திசைக்கு ரயில் ஏறுகிறோமோ அதற்கேற்ப நிலையம் மாறும். நாங்கள் ஏற வேண்டியிருந்தது கார் த லியோன் நிலையம் என்பதால் அதை ஒட்டியே தங்கினோம், கிளம்பும் நாளின் பரபரப்பு இல்லாமல் போயிற்று.

ஐந்து பயண நாள்களில் ஒரு நாள், ஒரு நீண்ட தூர ரயில் ஐம்பது நிமிடம் தாமதமாகி, இணைப்பு ரயிலைத் தவறவிட்டோம். நடைமேடையில் அறிவிப்பு எதுவும் சரியாக இல்லை. உதவி மேசையில் நீண்ட வரிசை. அந்த நேரத்தில் பாஸ் கை கொடுத்தது: முன்பதிவு தேவையில்லாத அடுத்த ரயிலைச் செயலியில் சேர்த்துக்கொண்டு ஏறிவிட்டோம். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு விலை டிக்கெட் வைத்திருந்த ஓர் இணையர், வேறு ரயிலில் ஏற அனுமதிக்கும் முத்திரைக்காக அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வாரநாள்களையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இரவுகளின் பங்கீடு பாதி வேலைதான். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை. சனிக்கிழமை பாரிஸில் இறங்கிய நாங்கள் ஞாயிறு ஓர்சே, செவ்வாய் வெர்சாய், இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் புதன்கிழமை லூவ்ர் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு இரவு மட்டும் பாரிஸில் தங்கி, அவை திங்களும் செவ்வாயுமாக அமைந்தால், நீண்ட தூரம் வந்தும் சிலவற்றின் மூடிய கதவுகளைப் பார்க்க நேரும்.

வியன்னாவின் மூன்று இரவுகளுக்கு நடுவே கடைசிப் பயண நாளைச் சால்ஸ்பர்க்குக்குக் கொடுத்தோம். இரண்டரை மணி நேரம். அடிக்கடி ரயில்கள் இருப்பதால் திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்யவில்லை, மழை பெய்ததும் கிளம்பினோம். அங்கு தனியாக ஓர் இரவு தங்கியிருந்தால் இன்னோர் இடமாற்றம். ஒரு நகரை மையமாக வைத்துப் பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்புவது, பெட்டி கட்டாமலேயே இன்னும் ஓர் ஊரைப் பார்க்கும் வழி.

பணக் கணக்கு வருமாறு. ஐந்து நாள்களின் பயணங்களையும் மூன்று மாதம் முன்பே மலிவு டிக்கெட்டாகத் தனித்தனியே வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். முன்பதிவுக் கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்தால் பாஸினால் எங்களுக்கு மிச்சமானது ஒருவருக்கு நாற்பது யூரோ அளவுதான். அந்த மிச்சமும் லூசெர்ன், சால்ஸ்பர்க் பயணங்களால் வந்தது. பாரிஸ் ரயிலிலும் மிலான்–வெனிஸ் ரயிலிலும் எதுவும் மிஞ்சவில்லை. ஏழு நாள் பாஸ் வாங்கியிருந்தால், வாங்கிவிட்டோமே என்று இன்னும் இரண்டு ஊர்களைத் திணித்திருப்போம் என்று நினைக்கிறேன். முதலில் இரவுகளை ஊர்களுக்குப் பங்கிட்டு, அதிலிருந்து பயண நாள்களை எண்ணி, பிறகு பாஸின் அளவைத் தேர்ந்தெடுங்கள்; ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள்.

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி உங்கள் திட்டத்தில் பாதிக்கு மேல் இடம்பெற்றால், குறிப்பாகப் பெற்றோருடன் செல்வதாக இருந்தால், இந்தப் பாஸை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், இத்தாலி மட்டும் என்றால் வாங்க வேண்டாம். விட்டுப்போன ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் அடுத்த ஆண்டு ஒன்பது இரவுகள் ஒதுக்கியிருக்கிறோம்: ரோம் ஐந்து, ஃபிளாரன்ஸ் நான்கு. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேர ரயில் ஒன்றுதான். அதற்குப் பாஸ் வாங்கப் போவதில்லை, சாதாரண டிக்கெட்டே போதும்.